பத்து ரூபாய் மரியாதை

திண்டிவனத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தரகராக இருந்த பெரியதம்பிக்குச் சொத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஓட்டு வீடு ஒன்று, அதன் முன்பக்கத்தில் கடை என்று அவர் சொல்லிக்கொள்ளும் ஒரு அறை, ஒரு தராசு, கொஞ்சம் கோணி ஊசிகள். இவற்றை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் சீசனில் லாரி லாரியாக மல்லாட்டை பிடித்து எண்ணெய் மில்லுக்கு அனுப்பினார் என்றால் அதற்கு முதலீடு அவருடைய பேர்தான். விவசாயிகள் மூட்டையை இறக்கிப் போடுவார்கள். எடையையும் விலையையும் அவர் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார். அதை மடியில் செருகிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். மில்காரர் பணம் அனுப்பப் பதினைந்து நாள் ஆகும், சில சமயம் கூடவும் ஆகும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். "பெரியதம்பிகிட்ட கெடக்குது, எங்க ஓடிடப் போவுது" என்பார்கள்.

ஆனால் ஒரு நாள் காலையில் எல்லாரும் சேர்ந்து வந்து "இப்பவே எடு" என்றால் அவர் கதை கந்தல். பெட்டியில் அவ்வளவு பணம் என்றைக்கும் இருந்ததில்லை. இது ஊரில் யாருக்கும் தெரியாது. பெரியதம்பிக்குத் தெரியும், அவர் மனைவி அஞ்சம்மாளுக்குத் தெரியும்.

அந்தப் பேரை அவர் காப்பாற்றிய விதமே தனி. மண்டி வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கணக்கையும் சுத்தமாகத் துடைக்கக் கூடாது. கொடுக்க வேண்டியதில் பத்து ரூபாய், இருபது ரூபாய் நிறுத்திவைத்துவிட்டுத்தான் மீதியைக் கொடுக்க வேண்டும். அந்தப் பாக்கி இருக்கிறவரைக்கும் உறவு இருக்கிறது, அடுத்த போகத்துக்கும் வருவான் என்று அர்த்தம். பைசா பாக்கியில்லாமல் எண்ணி வைத்தால் "உன் சகவாசமே வேண்டாம், நடையைக் கட்டு" என்று சொன்னதாக அர்த்தம். வாங்குகிறவனும் அதைக் கேட்க மாட்டான். கேட்டால் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று பொருள். பனமலையிலிருந்து மூட்டை கொண்டுவரும் விவசாயி முருகையனுக்கும் பெரியதம்பிக்கும் இடையே இப்படி ஒரு பாக்கி இளவட்டக் காலத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு என்று இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு எண்பத்தேழாம் வருஷம் ஒரு கிரெடிட் கார்டு வந்து சேர்ந்தது.

மில்காரர் செக்குகளை மாற்றுவதற்காக அவர் விழுப்புரத்தில் ஒரு பேங்கில் கணக்கு வைத்திருந்தார். அங்கே புதிதாக வந்த மேனேஜருக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு, இத்தனை பேருக்குக் கார்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று. விழுப்புரத்தில் கார்டு வாங்குகிற அளவுக்கு ஏமாளிகளோ பணக்காரர்களோ அவருக்கு அகப்படவில்லை. பெரியதம்பி உள்ளே நுழைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காப்பி வரவழைத்தார். பேங்க் காப்பியை அதற்குமுன் பெரியதம்பி பார்த்ததுகூட இல்லை.

"கையில காசே வேணாம் சார். கார்டைக் காட்டினா கடைக்காரன் சாமானைக் குடுப்பான். நாங்க அவனுக்குக் கட்டிடுவோம். மாசக் கடைசியில பில் வரும், நீங்க எங்களுக்குக் கட்டினா போதும்" என்றார் மேனேஜர்.

பெரியதம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்ததில்தான் வினையே இருந்தது. "அட, இது நம்ம மண்டி யாவாரம்தான் சார். நடுவுல நீங்க தரகரு" என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே விண்ணப்பப் பாரத்தை நீட்டினார்.

விழுப்புரம் டவுனிலேயே அந்தக் கார்டை மதித்தவை இரண்டே கடைகள், ஒரு ஜவுளிக்கடையும் ஒரு பாத்திரக் கடையும். கல்லாவில் ஒரு கனமான இரும்பு மெஷின் இருக்கும். அதில் கார்டை வைத்து மேலே கார்பன் தாளைப் போட்டு, பிடியைப் பிடித்துச் சர்ரென்று ஒரு இழுப்பு இழுத்துத் தேய்ப்பார்கள். எண்ணும் பேரும் தாளில் அழுந்திக்கொள்ளும். மிக்ஸி, குக்கர், மின்விசிறி என்று மூன்று தேய்ப்பில் பெரியதம்பியின் வீடு நாகரிகம் அடைந்தது. தரகர் ஏதோ அட்டையைக் காட்டிச் சாமான் அள்ளிக்கொண்டு வருகிறார் என்று மண்டித் தெருவே வாயைப் பிளந்தது.

பிறகும் மாதம் ஒரு சாமானாவது வாங்குவார், மாதம் பிறந்தால் பில் வரும். இங்கிலீஷில் இருக்கும். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே. தேதி தவறாமல் பஸ் பிடித்துப் போய்க் கட்டுவார், பத்து ரூபாய் நிறுத்தி வைத்துவிட்டு. பேங்க் எவ்வளவு மரியாதையாக நடத்துகிறது! காப்பி கொடுத்த மனுஷனிடம் போய்க் கணக்கைத் துடைத்துவிட்டு வருவதா? பில்லில், 'சர்வீஸ் சார்ஜ்' என்று பேங்கில் சொன்ன ஒரு தொகை ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அஞ்சம்மாள் ஒரு தரம் கேட்டாள்.

"அது அவுங்க தரகுடி" என்றார். "நான் மூட்டைக்கு எடுத்துக்கல? அதே மாதிரிதான். தரகுக்குப் போய் ஒரு தரகன் வாயைத் தொறக்கலாமா?"

அஞ்சம்மாள் மிக்ஸியைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியாது.

அடுத்த வருஷம் கோடை அறுவடை முடிந்தபிறகு வியாபாரம் படுத்தது. ஜூன் மாதத்திலிருந்து கார்டைத் தொடவில்லை. ஆனாலும் பில் வந்தது. நிறுத்தி வைத்த பத்து ரூபாயும் அதன்மேல் ஏதோ சில்லறையும். அதைக் கட்டலாமா? கட்டினால் உறவு அறுந்துபோகுமே! பேங்க் நம்மை மறக்கவில்லை, பாக்கியைக் காட்டி விசாரிக்கிறது என்று பெரியதம்பி பூரித்துப்போனார். அடுத்த மாதமும் கடிதம் வந்தது. அதற்கு அடுத்த மாதம் சிவப்பு மையில் முத்திரை குத்தியே வந்தது. சிவப்பு மங்களம்தானே என்று அதைக் கடையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, வருகிறவர்களிடம் காட்டினார். இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருத்தனாவது அந்த மூன்று மாதத்தில் மல்லாட்டை விற்க வந்திருக்கலாம். வரவில்லை.

தீபாவளி நெருங்கியது. அந்த முறை மானாவாரி மல்லாட்டை நல்ல விளைச்சல். பெரியதம்பி வாங்கிய மூட்டையெல்லாம் மில்லுக்குப் போய்விட்டது, பணம் தீபாவளி கழித்துத்தான் வரும். விவசாயிகளிடம் முன்னாலேயே சொல்லியிருந்தார். அவர்களும் சரி என்றிருந்தார்கள். கையிலோ காசில்லை. இதற்குத்தானே கார்டு என்று அஞ்சம்மாளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் ஜவுளிக்கடைக்குப் போனார்.

பண்டிகைக் கூட்டம். புடவைகளைக் கட்டிக் கல்லாவில் வைத்தார்கள். பெரியதம்பி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு கார்டை எடுத்து நீட்டினார். அவர் பார்த்ததில் சின்னக்கண்ணுவும் அகப்பட்டான். திண்டிவனத்தில் எதிர்வரிசைத் தரகன், ஆகாதவன். அவன் பார்க்கட்டும் என்று கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

கல்லாக்காரர் கார்டைத் தேய்க்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எண்கள். விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். கார்டைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பெரியதம்பியைப் பார்த்தார். பிறகு துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலை எடுத்தார். புடவைக் கட்டின் நூலை நறுக்கத்தான் எடுக்கிறார் என்று பெரியதம்பி நினைத்தார். கல்லாக்காரர் கார்டை நடுவில் வைத்து ஒரே வெட்டாக வெட்டினார்.

"மன்னிச்சுக்குங்க. லிஸ்ட்டுல இருந்தா வெட்டி அனுப்பச் சொல்லியிருக்காங்க. பணம் கட்டாத பேர்வழிங்க லிஸ்ட்டு. அனுப்பினா எங்களுக்கு அம்பது ரூபா தர்றாங்க" என்றார்.

கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். பெரியதம்பியின் மானம் அந்த இடத்திலேயே கப்பலேறியது. அஞ்சம்மாள்தான் புடவைக் கட்டைக் கல்லாக்காரர் பக்கம் தள்ளிவிட்டு, "வாங்க போவலாம்" என்று அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். சின்னக்கண்ணு நின்ற இடம் காலியாக இருந்தது. தனக்கு எடுத்த வேட்டியைக்கூட வாங்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருந்தான்.

பெரியதம்பி நேராக பேங்குக்குப் போனார். காப்பி கொடுத்த மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். சீனுவாசன் என்று ஒரு கிளார்க், சின்ன வயசு, ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தான்.

"சார், மாசா மாசம் பத்து ரூபா கம்மியா கட்டியிருக்கீங்களே, ஏன்?"

"கம்மியா இல்ல தம்பி. வச்சேன்."

"வச்சீங்களா?"

"மரியாதைக்கு வச்சேன். சுத்தமா தொடைச்சுட்டா நாளைக்கு உங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

சீனுவாசன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பிறகு பொறுமையாகச் சொன்னான். "முழுசா கட்டினா வட்டியே கெடையாது சார். ஒரு ரூபா பாக்கி வச்சாலும், சாமான் வாங்கின தேதியிலேர்ந்து மொத்தத் தொகைக்கும் வட்டி விழும். நீங்க கட்டினீங்களே சர்வீஸ் சார்ஜ், அதுதான் அந்த வட்டி."

"அது உங்க தரகு இல்லையா?"

"தரகை நாங்க கடைக்காரர்கிட்ட எடுத்துக்கறோம் சார். ஜூனுக்கு அப்புறம் அந்தப் பத்து ரூபாயையும் நீங்க கட்டல. மூணு தரம் நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். கடைசி நோட்டீஸ் சிவப்பு முத்திரையோட வந்திருக்குமே?"

"வந்துது" என்றார் பெரியதம்பி. எங்கே மாட்டியிருக்கிறது என்று சொல்லவில்லை.

"பம்பாயில கம்ப்யூட்டர் அதைப் பாத்து லிஸ்ட்டுல ஏத்திடுச்சு."

"பத்து ரூபாய்க்கா? நான் எத்தினி ஆயிரம் கட்டியிருக்கேன்!"

"அதுக்குப் பத்தும் ஒண்ணுதான், பத்தாயிரமும் ஒண்ணுதான் சார். தேதிக்குக் கட்டினாரா, கட்டலையா, அவ்வளவுதான் கேக்கும்."

அவர் பத்து ரூபாயையும் சில்லறை வட்டியையும் கட்டினார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கணக்கை முழுசாகத் துடைத்தார். அதற்கும் பலனில்லை. அடுத்த புத்தகம் அச்சாகி வருகிறவரைக்கும் அவர் லிஸ்ட்டில்தான் இருப்பார் என்றான் சீனுவாசன்.

இதற்குள் சின்னக்கண்ணு முந்திக்கொண்டு போன பஸ்ஸில் செய்தியும் ஏறிக்கொண்டது. விழுப்புரத்தில் ஏறும்போது அது வெறும் கார்டாக இருந்தது. விக்கிரவாண்டியில் டீ குடிக்க நின்றபோது பேங்க்காரன் போலீசோடு வந்ததாக ஆனது. திண்டிவனத்தில் இறங்கும்போது பெரியதம்பியின் வீடு ஜப்தியாகியிருந்தது.

மறுநாள் காலையில் அவர் கடைக்கதவைத் திறந்தபோது தெரு நிறைய ஆட்கள். யாரும் கத்தவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. மடியிலிருந்து எடுத்த துண்டுச் சீட்டை ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள். லாரி வாடகைக்கென்று மில்காரர் கொடுத்த முன்பணம் ஒரு கட்டு, சொந்தச் செலவுக்குத் தொடாமல், உள்ளே பெட்டியில் இருந்தது. ஐந்தாறு பேருக்கு வரும். அப்புறம்? நாளைக்கே யாரும் அவரிடம் மூட்டையை இறக்க மாட்டார்கள். தரகனிடம் மூட்டை வராவிட்டால் அவனுக்குப் பேர் என்ன, ஊர் என்ன?

கூட்டத்துக்கு முன்னால், எல்லாருக்கும் முதல் ஆளாக நின்றவர் பனமலை முருகையன். அதைப் பார்த்ததும்தான் பெரியதம்பிக்கு மனசு விட்டுப்போனது. மற்றவன் வரட்டும். இவருமா?

"இன்னா தரகரே, பாத்துகினு நிக்கற? என் பணத்தை எடு" என்றார் முருகையன், தெருக்கோடிவரை கேட்கும்படி. "முழுசா எடு. பைசா பாக்கி வெக்காத."

பெரியதம்பி உள்ளே போய்ப் பணக்கட்டைக் கொண்டுவந்தார். மேல் நோட்டில் யாரோ பேனாவால் 'லட்சுமி துணை' என்று எழுதியிருந்தார்கள். முருகையனுக்குச் சேர வேண்டியதுதான் இருப்பதிலேயே பெரிய தொகை. கொடுத்ததும் பணக்கட்டில் மிஞ்சியது கொஞ்சம். முருகையன் அதோடு விட்டாரா? ஒவ்வொரு நோட்டையும் எச்சில் தொட்டு உரக்க எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு சீட்டை எல்லாரும் பார்க்க நாலாகக் கிழித்துத் தெருவில் போட்டார்.

"சரியா இருக்குது. உனக்கும் எனக்கும் இனிமே ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தில் திரும்பிப் போய்விட்டார்.

இத்தனை வருஷப் பழக்கம் இவ்வளவுதானா? பெரியதம்பி அடுத்த ஆளுக்குக் கொடுத்தார், அதற்கடுத்த ஆளுக்குக் கொடுத்தார். கட்டு தீர்ந்தது. "இரு, உள்ள போயி எடுத்துகினு வரேன்" என்று வாய் தானாகச் சொல்லியது. உள்ளே என்ன இருக்கிறது? மிக்ஸி இருக்கிறது. அவர் எழுந்திருக்கப் போனபோது அஞ்சம்மாள் உள்ளிருந்து வந்து, முந்தானை மறைவில் கொண்டுவந்த ஒரு கட்டைத் தராசுத் தட்டில் வைத்தாள்.

"ஜல்தி ஜல்தியா குடுங்க. வெளியூரு ஆளுங்களுக்கு பஸ்ஸு போயிடும். உள்ள இன்னும் கெடக்குது" என்றாள் சத்தமாக.

பெரியதம்பி கட்டைப் பார்த்தார். மேல் நோட்டில் 'லட்சுமி துணை' என்று எழுதியிருந்தது.

அவர் அஞ்சம்மாளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவர் குனிந்துகொண்டு எண்ண ஆரம்பித்தார். இன்னும் நாலைந்து பேர் வாங்கினார்கள். ஆனால் கூட்டத்தின் பின்வரிசையில் ஏற்கெனவே பேச்சு மாறியிருந்தது. "பனமலைக்காரருக்கு முழுசா எண்ணி வச்சாரே, பாத்த இல்ல? பணம் இல்லாமலா?" என்றான் ஒருத்தன். "அந்தச் சின்னக்கண்ணு பேச்சைக் கேட்டுகினு வந்தோம் பாரு, நம்மளச் சொல்லணும்" என்றான் இன்னொருத்தன். சீட்டுகள் திரும்பவும் மடிக்குள் போயின. "தீபாவளி கழிச்சே வாங்கிக்கறோம்ண்ணே, சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருத்தராக நழுவினார்கள். வெயில் ஏறுவதற்குள் தெரு காலியாகிவிட்டது.

பெரியதம்பி பின்கட்டுக்கு ஓடினார். கிணற்றடியில் முருகையன் உட்கார்ந்து, அஞ்சம்மாள் கொடுத்த கேப்பைக் கூழை வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல வந்து சொன்னானுங்க, உன்ன வெட்டிட்டாங்கன்னு. உன்ன இல்ல, அட்டையத்தான் வெட்டினாங்கன்னு அஞ்சம்மா இப்பத்தான் சொல்லிச்சு" என்று சிரித்தார்.

"யோவ், சீட்டைக் கிழிச்சுட்டயே!" என்றார் பெரியதம்பி. "உம்பணம் மொத்தமும் அந்த ஆளுங்ககிட்ட போயிடுச்சு. இரு, வேற சீட்டு எழுதித் தரேன்."

"எழுதாத. யாராச்சும் பாத்தா முழுசா வாங்கலன்னு தெரிஞ்சுடும், எல்லாம் பேஜாராயிடும்."

"அப்ப உனக்கு இன்னா ஆதாரம்? வாங்கிட்டன்னு தெருவே பாத்துச்சு. நாளைக்கு நான் தரமாட்டேன்னு சொன்னா யார்கிட்ட போயி கேப்ப?"

முருகையன் கூழ்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் கேக்க முடியாது" என்றார். எழுந்து மடியைத் தடவிப் பார்த்தார். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு கையை நீட்டினார். "பஸ்ஸுக்கு மட்டும் ரெண்டு ரூபா இருந்தா குடு. அவசரத்துல இருந்ததெல்லாம் அந்தக் கட்டோட சேத்துக் குடுத்துட்டேன்."

பெரியதம்பி அவரோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்துபோனார். டிக்கெட்டுக்குக் காசைக் கையில் வைத்து, ஜன்னலோர இடம் பிடித்து உட்காரவைத்தார். பஸ் கிளம்பிப் போன பிறகும் அந்த இடத்திலேயே நின்று, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

டீக்கடை வாசலில் நின்ற இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் தரகரு" என்றான் ஒருவன். "அந்தப் பனமலைக்காரன் ஈவு இரக்கம் இல்லாம மொத்தத்தையும் எண்ணி வாங்கிகினு போறான் பாரு."